தோட்டாவைத் தட்டில் பிடித்த சுங் லிங் சூ: 1918-ல் அந்த மேடையில் என்ன நடந்தது?

கிறிஸ்டோபர் நோலனின் 'தி பிரெஸ்டீஜ்' பார்த்திருக்கீங்களா? 2006-ல் வந்த படம். அதில் வயதான சீன மேஜிக் கலைஞர் ஒருவர் வருவார். மேடையில் மீன் தொட்டியை வரவழைக்கும் ஒரே ஒரு வித்தைக்காக, மேடைக்கு வெளியேயும் சரியாக நடக்க முடியாதவர்போல வாழ்நாள் முழுக்க நடிப்பார். படத்தில் அவர் பெயர் சுங் லிங் சூ.

அந்தப் பெயரில் ஒருவர் நிஜமாகவே இருந்தார். ஆனால் அவர் சீனர் இல்லை, அமெரிக்க வெள்ளையர். நிஜப் பெயர் வில்லியம் எல்ஸ்வொர்த் ராபின்சன். சுமார் 18 ஆண்டுகள் சீனராகவே மேடையில் வாழ்ந்தவர். 1918 மார்ச் 23 இரவு லண்டனில், துப்பாக்கித் தோட்டாவைப் பிடிக்கும் வித்தையின்போது நிஜமான குண்டு பாய்ந்து விழுந்தார். மறுநாள் இறந்துபோனார்.

நூறு வருஷத்துக்கு முந்தைய மேஜிக்காரர் கதை இப்போது எதற்கு? காரணம் இருக்கிறது. இன்று திரையில் ஹீரோ நெஞ்சில் குண்டு பாய்ந்து ரத்தம் தெறிக்கிறதே, அதற்குப் பின்னால் இருக்கும் தந்திரமும் ராபின்சன் செய்த தந்திரமும் ஒரே அடிப்படையில் நிற்பவை. அவர் உயிரைப் பறித்த தவறும் அவரோடு முடிந்துவிடவில்லை.

யார் இந்த ராபின்சன்?

1861 ஏப்ரல் 2 அன்று நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். அப்பாவும் மேடைக் கலைஞர்தான். ராபின்சனுக்குச் சின்ன வயதிலேயே மேஜிக் ஒட்டிக்கொண்டது.

அவர் உண்மையில் எதில் கில்லாடி தெரியுமா? கருவிகளைச் செய்வதில். அன்றைய அமெரிக்காவின் இரண்டு பெரிய மேஜிக் நட்சத்திரங்கள் ஹாரி கெல்லர், அலெக்சாண்டர் ஹெர்மன். இருவருக்கும் ஆகவே ஆகாது. ராபின்சன் இருவரிடமுமே வேலை பார்த்திருக்கிறார். புதுப்புது வித்தைகளை வடிவமைப்பது, கருவி செய்வது, மேடைக்குப் பின்னால் எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பது. இன்றைய கணக்கில் சொன்னால், புராடக்ட்டை உருவாக்கும் இன்ஜினியர் அவர். மேடையில் கைதட்டல் வாங்குபவர் வேறு ஒருவர்.

ஆவிகளோடு பேசுவதாகச் சொல்லி ஏமாற்றுபவர்களின் பலகைத் தந்திரங்களை விளக்கி 1898-ல் ஒரு புத்தகமும் எழுதினார். அவ்வளவு விஷயம் தெரிந்தவர். ஆனால் சொந்தப் பெயரில் மேடையேறியபோது பெரிதாக எடுபடவில்லை. அவருக்குப் பேச்சு வராது என்பது ஒரு முக்கியக் காரணம். மேஜிக்கில் கை பாதி வேலை செய்தால் வாய் மீதி வேலையைச் செய்ய வேண்டும்.

பேசவே தேவையில்லாத ஒரு வேடம் கிடைத்தால்? அப்படி ஒன்று கிடைத்தது.

சுங் லிங் சூ உருவானது எப்படி?

1898-ல் சீனாவிலிருந்து சிங் லிங் ஃபூ என்ற மேஜிக் கலைஞர் அமெரிக்கா வந்தார். இவர் நிஜமான சீனர். வெறும் துணிக்குள்ளிருந்து தண்ணீர் தளும்பும் பெரிய பாத்திரத்தை எடுத்துக் காட்டுவார். ஊரே அசந்துபோனது. தன் வித்தையை யாராவது செய்து காட்டினால் 1,000 டாலர் பரிசு என்று அறிவித்தார்கள். ராபின்சன் போட்டிக்குத் தயார் என்றார். ஆனால் அவருக்கு வாய்ப்புத் தரவில்லை.

1900-ல் பாரிஸின் ஃபோலி பெர்ஜேர் அரங்குக்கு ஒரு சீன மேஜிக் கலைஞர் தேவைப்பட்டார். ராபின்சன் மீசையை எடுத்தார். முன்தலையை மழித்துக்கொண்டார், முகத்துக்கு மேக்கப் போட்டார், பின்னல் சடை மாட்டினார், பட்டு அங்கி அணிந்தார். வேறொரு சீனப் பெயரில் தொடங்கி, சீக்கிரமே சுங் லிங் சூ ஆனார். சிங் லிங் ஃபூ, சுங் லிங் சூ. இரண்டு பெயரையும் ஒருமுறை சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், எங்கிருந்து எடுத்தார் என்பது புரிந்துவிடும்.

அதே ஆண்டு லண்டனுக்கு வந்தார். அங்கே பெரிய நட்சத்திரமாகிவிட்டார். மேடையில் ஆங்கிலமே பேச மாட்டார். பத்திரிகையாளர்கள் பேட்டிக்கு வந்தால்கூட மொழிபெயர்ப்பாளர் மூலமாகத்தான் பதில். ஸ்காட்லாந்து மிஷனரிக்கும் சீனப் பெண்ணுக்கும் பிறந்தவர், சிறுவயதில் அநாதையாகி ஒரு சீன மேஜிக் குருவிடம் வளர்ந்தவர் என்று ஒரு வாழ்க்கைக் கதையையும் பரப்பினார். அவரோடு வாழ்ந்த ஆலிவ் பாத் என்ற அமெரிக்கப் பெண், சூயி சீன் என்ற சீனப் பெயரில் மேடையில் உதவியாளராக வந்தார்.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வருவதற்கு அமெரிக்கா 1882-லேயே சட்டம் போட்டுத் தடை விதித்திருந்தது. சீனர்களைப் பார்த்தாலே வெறுக்கும் மனநிலை மேற்கில் பரவியிருந்த காலம். அதே காலத்தில், சீனராக நடித்த ஒரு வெள்ளையர் அரங்கு அரங்காகச் சம்பாதித்துக்கொண்டிருந்தார்.

1905-ல் அசல் சிங் லிங் ஃபூவே லண்டனுக்கு வந்தார். சுங் லிங் சூ போலி, அவர் சீனரே இல்லை என்று சவால் விட்டார். ஒரு பத்திரிகை அலுவலகத்தில் போட்டிக்கு ஏற்பாடானது. சூ வந்தார், ஃபூ வரவில்லை. லண்டன் ரசிகர்களுக்கு யார் அசல் என்பது ஒரு பொருட்டாகவே இல்லை. நகலின் புகழ் இன்னும் கூடியது. சில வாரங்களில் அசல் ஊரைவிட்டுப் போனார்.

துப்பாக்கித் தோட்டாவைப் பிடிக்க முடியுமா?

முடியாது. அதனால்தான் அது மேஜிக்.

ஒரு அடிப்படை விஷயத்தைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது. துப்பாக்கிச் சூட்டைப் போலியாகக் காட்டுவது என்றால் இரண்டு தனித்தனி சம்பவங்களை ஒரே நேரத்தில் நடத்துவது. ஒன்று, சுடும் இடத்தில் சத்தமும் நெருப்பும் புகையும். இன்னொன்று, படும் இடத்தில் ஓட்டையோ ரத்தமோ, ஆள் விழுவதோ. இரண்டுக்கும் நடுவில் எதுவுமே பயணிக்கக் கூடாது. நடுவில் குண்டு பறந்ததாக நம் மூளையே கோடு போட்டுக்கொள்ளும்.

ராபின்சனுக்கு முன்பே இதைச் செய்தவர்கள் உண்டு. 1856-ல் பிரெஞ்சு அரசு அல்ஜீரியாவுக்கு அனுப்பிய மேஜிக் கலைஞர் ராபர்ட் ஊதான் தன் நினைவுக் குறிப்புகளில் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். ஈயக் குண்டுபோலத் தெரிய மெழுகில் குண்டு செய்து கறுப்புச் சாயம் ஏற்றினார். துப்பாக்கிக்குள் அழுத்தியதும் அது நொறுங்கிவிடும். இன்னொரு மெழுகுக் குண்டின் உள்ளே ரத்தத்தை நிரப்பி வைத்திருந்தார். அதை வெள்ளைச் சுவரைப் பார்த்துச் சுட்டதும் சுவரில் ரத்தம் தெறித்தது. சினிமா பிறக்கும் முன்பே வந்த பிளட் எஃபெக்ட் இது.

கவனியுங்கள். ஊதானின் துப்பாக்கியில் ஈயம் இல்லை. மெழுகுதான் இருந்தது. ராபின்சன் இன்னும் நம்பகமாகக் காட்ட ஆசைப்பட்டார். அதனால் நிஜக் குண்டையே உள்ளே போட வைத்தார்.

அவர் வித்தை இப்படி நடக்கும். பார்வையாளர்கள் சிலர் மேடைக்கு வந்து துப்பாக்கிகளைச் சோதிப்பார்கள். குண்டுகளில் அடையாளக் குறி போடுவார்கள். குழலின் வாய் வழியாக வெடிமருந்து, திணிப்பு, குண்டு என்று வரிசையாகப் போட்டுக் கம்பியால் குத்தி இறுக்குவார்கள். நம்மூர் நாட்டுத் துப்பாக்கியை நிரப்புவதும் இதே முறையில்தான். பிறகு உதவியாளர்கள் இருவர் குறிபார்த்துச் சுடுவார்கள். சூ ஒரு பீங்கான் தட்டை நெஞ்சுக்கு நேராகப் பிடிப்பார். சத்தம், புகை. தட்டில் குண்டுகள் விழுந்து கிணுகிணுக்கும். பார்வையாளர்கள் போட்ட குறி அப்படியே அந்தக் குண்டுகளில் இருக்கும்.

இதில் இரண்டு தந்திரங்கள். குறி போட்ட குண்டுகளைத் துப்பாக்கிக்குப் போகும் வழியிலேயே மாற்றிவிடுவார்கள். அசல் குறியுள்ள குண்டுகள் ரகசியமாகச் சூவின் கைக்கு வந்துவிடும். துப்பாக்கிக்குள் போவது வேறு குண்டுகள்.

இரண்டாவதுதான் ராபின்சன் என்ற இன்ஜினியரின் வேலை. குத்தும் கம்பியைச் செருகி வைக்க, இந்த வகைத் துப்பாக்கியின் பிரதானக் குழலுக்குக் கீழே ஒரு சின்னக் குழாய் இருக்கும். ராபின்சனின் துப்பாக்கியில் அந்தக் கீழ்க்குழாய்தான் நிஜமாக வெடிக்கும் குழல். விசையை அழுத்தியதும், தீபாவளித் துப்பாக்கியில் கேப் வெடிப்பதுபோலக் கேப் வெடிக்கும். அந்தப் பொறி மேல்குழலுக்குப் போகாது. ரகசியப் பாதையில் கீழ்க்குழாய்க்குப் போய், அங்கிருக்கும் வெறும் வெடிமருந்தைப் பற்றவைக்கும். நெருப்பு வரும், சத்தம் வரும். மேல்குழலில் இருக்கும் நிஜ மருந்தும் நிஜக் குண்டும் அப்படியே அசையாமல் இருக்கும்.

அந்தப் பொறிக்கும் உயிருள்ள குண்டுக்கும் நடுவில் இருந்தது ஒரு திருகு அடைப்பு மட்டும்.

1918 மார்ச் 23 இரவு

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. வடக்கு லண்டனின் உட் கிரீன் எம்பயர் அரங்கு. சனிக்கிழமை, இரண்டாவது ஷோ. அன்று இந்த வித்தைக்கு, சீனாவின் பாக்ஸர் கிளர்ச்சியாளர்கள் சூவுக்கு மரண தண்டனை விதித்து, அவர் குண்டுகளைக் கையாலேயே தடுத்துத் தப்பிப்பதாக ஒரு கதை.

துப்பாக்கிகள் வெடித்தன. சூ தடுமாறினார். பிறகு, மேடையில் அத்தனை ஆண்டுகள் ஆங்கிலமே பேசாத மனிதர் ஆங்கிலத்தில் பேசினார். ஏதோ நடந்துவிட்டது, திரையை இறக்குங்கள் என்கிற பொருளில் சில வார்த்தைகள். குண்டு அவர் வலது நுரையீரலைத் துளைத்திருந்தது. அருகிலிருந்த மருத்துவமனையில் மறுநாள் 24-ம் தேதி இறந்தார். 57-வது பிறந்தநாளுக்கு இன்னும் 9 நாள் இருந்தது.

அதற்குப் பிறகுதான் பொதுமக்களில் பலருக்கு அவர் சீனரே இல்லை என்பது தெரிந்தது. ரகசியங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஆலிவுக்கு முன்பே அவர் வேறொரு பெண்ணை மணந்திருந்தார், விவாகரத்தும் ஆகவில்லை. லண்டனில் இன்னொரு பெண்ணுடன் 3 குழந்தைகளோடு தனிக் குடும்பமும் இருந்தது. இது போதாதா வதந்திக்கு? தற்கொலை என்றார்கள், கொலை என்றார்கள்.

துப்பாக்கி சொன்ன பதில்

விசாரணையில் ராபர்ட் சர்ச்சில் என்ற துப்பாக்கி நிபுணர் அந்தத் துப்பாக்கியைப் பிரித்துப் பார்த்தார். காரணம் கிடைத்தது.

ஒவ்வொரு ஷோ முடிந்ததும் மேல்குழலில் சுடாத மருந்தும் குண்டும் மிச்சமிருக்கும். அதை எடுக்க வேண்டும். வழக்கமான வழிகள் இரண்டு: பாதுகாப்பான இடத்தில் சுட்டுத் தீர்ப்பது, அல்லது திருகு முனையுள்ள கம்பியால் வாய்ப் பக்கமாக உருவி எடுப்பது. ராபின்சன் இரண்டையும் செய்யாமல், குழலின் பின்பக்கத் திருகு அடைப்பைக் கழற்றி மருந்தையும் குண்டையும் எடுத்துவிடுவார். மருந்து வீணாகாது.

ஆனால் ஒரு பாட்டில் மூடியைத் திரும்பத் திரும்பத் திறந்து மூடினால் என்ன ஆகும்? மரை தேயும். இங்கேயும் மரை தேய்ந்தது. இடைவெளி கண்ணுக்குத் தெரியாத அளவுதான். மாவு போன்ற வெடிமருந்து கசிய அது போதும். மேல்குழலிலிருந்து மருந்துத் துகள்கள் மெல்ல ரகசியப் பாதைக்குள் இறங்கின. அன்றிரவு கீழே பற்றிய நெருப்பு அந்தத் துகள்களைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறியது. நிஜக் குண்டு கிளம்பியது.

விபத்து மரணம் என்று தீர்ப்பு வந்தது.

ஏன் யாருமே கவனிக்கவில்லை?

எனக்கு இந்தக் கதையில் முக்கியமாகப் படுவது இந்தக் கேள்விதான். ராபின்சன் கவனக்குறைவானவர் இல்லை. கருவிகளில் அவரளவுக்குத் தெரிந்தவர்கள் அன்று குறைவு. ஆனால் துப்பாக்கியைத் தயார் செய்வது, பிரிப்பது, சுத்தம் செய்வது எல்லாமே அவர் கையில்தான் இருந்தது. ரகசியம் வெளியே போய்விடக் கூடாதே. இன்னொருவர் பிரித்துப் பார்த்திருந்தால் தேய்ந்த மரை கண்ணில் பட்டிருக்கலாம். தன்னைக் காப்பாற்றியதாக அவர் நினைத்த ரகசியம், இரண்டாவது ஒரு ஜோடிக் கண் அந்தத் துப்பாக்கியைப் பார்க்க முடியாமல் செய்துவிட்டது.

இன்னொரு பொறியும் உண்டு: இத்தனை வருஷம் ஒன்றும் ஆகலையே என்கிற நினைப்பு. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது ராபின்சனின் கணக்கு இல்லை, வெறும் உதாரணம். ஒரு கருவி 500-ல் ஒருமுறை தவறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அதே கருவியை 500 முறை பயன்படுத்தினால், ஒருமுறையாவது தவறுவதற்கான வாய்ப்பு சுமார் 63 சதவீதம். மரைபோலத் தேய்ந்துகொண்டே போகும் பொருளில் அந்த 500 மெல்ல 400 ஆகும், 100 ஆகும். ஒவ்வொரு வெற்றிகரமான ஷோவும் அவர் நம்பிக்கையைக் கூட்டியது. ஷோ முடிந்து அடைப்பைக் கழற்றிய ஒவ்வொரு முறையும் மரை இன்னும் கொஞ்சம் தேய்ந்தது.

சினிமா என்ன செய்தது?

ஆரம்பகால ஹாலிவுட் இதைவிட மோசம். 1931-ல் வந்த 'தி பப்ளிக் எனிமி' படத்தில் ஜேம்ஸ் கேக்னி ஒதுங்கிய சுவர் முனையில் நிஜ மெஷின் கன் குண்டுகளையே சுட்டார்கள். சுவர் சிதறுவது தத்ரூபமாகத் தெரிய வேண்டுமே.

பிறகு ஸ்குவிப் என்ற சின்ன வெடி பரவலானது. நடிகரின் உடையின் உள்பக்கம் ஒரு பாதுகாப்புத் தகடு, அதன்மேல் சிறிய வெடி, அதற்கு மேல் போலி ரத்தப் பை. துணியை முன்கூட்டியே கீறி லேசாக வைத்திருப்பார்கள். வயர் வழியாகவோ ரிமோட்டாலோ இயக்கினால் உள்ளிருந்து வெளியே வெடிக்கும். நம் கண்ணுக்கு வெளியிலிருந்து குண்டு பாய்ந்ததுபோல இருக்கும். 1967-ல் வந்த 'போனி அண்ட் கிளைட்' படத்தின் கடைசிக் காட்சியை இன்றும் பேசுகிறோம் என்றால் இந்த ஸ்குவிப்கள்தான் காரணம். இப்போது வெடிக்குப் பதிலாகக் காற்றழுத்தத்தில் இயங்குபவை வந்துவிட்டன. பல படங்களில் துப்பாக்கி நெருப்பையும் ரத்தத்தையும் கம்ப்யூட்டரிலேயே சேர்த்துவிடுகிறார்கள்.

படும் இடத்துப் பிரச்னை பெருமளவு தீர்ந்தது. சுடும் இடத்தில் நிஜத் துப்பாக்கி இருக்கும் வரை ராபின்சனின் பிரச்னை தீரவில்லை.

1993 மார்ச் 31. புரூஸ் லீயின் மகன் பிராண்டன் லீ, 'தி க்ரோ' படப்பிடிப்பில் இருந்தார். அவர் கையிலிருந்த மளிகைப் பையில் ஸ்குவிப் தயாராக இருந்தது. துப்பாக்கியில் வெற்றுத் தோட்டா, அதாவது மருந்து மட்டும் உள்ள, குண்டு இல்லாத தோட்டா. ஆனால் அதே துப்பாக்கியை முன்பு வேறொரு குளோசப்புக்குப் பயன்படுத்தியபோது, சரியாகத் தயாரிக்காத டம்மி தோட்டாவிலிருந்து குண்டு முனை ஒன்று கழன்று குழலுக்குள் சிக்கியிருந்தது. யாரும் குழலைப் பார்க்கவில்லை. வெற்றுத் தோட்டாவின் மருந்து அந்த முனையைத் தள்ளியது. நடிப்பு என்று நினைத்துச் சுற்றியிருந்தவர்களுக்கு உடனே புரியவில்லை. பிராண்டன் லீக்கு அப்போது வயது 28.

2021 அக்டோபர் 21. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் 'ரஸ்ட்' படப்பிடிப்பு. ஒத்திகையின்போது நடிகர் கையிலிருந்த ரிவால்வரில் நிஜத் தோட்டா இருந்தது. ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் இறந்தார். ஆயுதங்களுக்குப் பொறுப்பாளராக இருந்தவரை 2024-ல் நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது.

1918, 1993, 2021. மேடை வேறு, துப்பாக்கி வேறு. ஆனால் மூன்றிலும் சுடும் பக்கத்தில் நிஜக் குண்டு ஒன்று இருந்தது. மூன்றிலும் அதைச் சுடும் முன் இன்னொருவர் திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

பொறுப்பான படப்பிடிப்புகளில் துப்பாக்கியை எல்லோர் முன்னாலும் திறந்து காட்டுவார்கள். நடிகரே குழலைப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். கேட்பதை யாரும் அவமரியாதையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இதற்கு அரை நிமிஷம்கூட ஆகாது.

உங்கள் அலுவலகத்திலும் ஒருவர் மட்டுமே தொடும் ஒரு சிஸ்டம் இருக்கலாம். அவர் கெட்டிக்காரர், பல வருஷமாக ஒன்றும் ஆனதில்லை, அதனால் யாரும் உள்ளே பார்ப்பதில்லை. இந்த வாரம் ஒருமுறை அவரோடு உட்கார்ந்து திறந்து பாருங்கள். ராபின்சனும் கெட்டிக்காரர்தான்.